மாலைக்கடைப் படத்தை அரூப ஓவியமாக்கினால் நிறமெல்லாம் சேறாகிறது, ஏன்?

பஃபலோரோடு | சனி, இரவு 9.40

வணக்கம். புகைப்படங்களை வைத்து அரூப ஓவியம் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன், உதவி வேண்டும்.

போன ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூர் தேக்காவில் இறங்கி, பஃபலோ ரோட்டு மாலைக்கடைகளில் அறுபது படம் எடுத்தேன். கம்பியில் வரிசையாகத் தொங்கும் மாலைகள். செவ்வந்தி மஞ்சள், நடுநடுவே சிவப்பு ரோஜா, மல்லிகை, அங்கங்கே துளசி. அந்த நிறங்களை வைத்தே வீட்டு வரவேற்பறைக்கு ஒரு பெரிய படம் செய்ய ஆசை. வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, போன மாதம்தான் சாவி கிடைத்தது. சுவர் வெறுமையாக இருக்கிறது.

ஃபோட்டோஷாப்பில் நான் செய்தது: பிக்ஸலேட் பகுதியில் மெஸோடின்ட், படத்தைப் புள்ளி புள்ளியாக்கும் ஃபில்டர். அதன் மேல் ரேடியல் ப்ளர், ஜூம் வகை, அளவு 100, மூன்று தடவை. அப்புறம் லேயரை நகலெடுத்து, ஒன்றை ட்விர்ல் ஃபில்டரில் வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் சுழற்றினேன். மேல் லேயருக்கு லைட்டன், இரண்டு லேயரிலும் வெளிச்சமானதை மட்டும் காட்டும் முறை.

வடிவம் அருமையாக வந்தது, பூ இதழ் விரிகிற மாதிரி. ஆனால் நிறம் போய்விட்டது. மஞ்சளும் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மழைக்குப் பிறகு கால்வாயில் ஓடும் தண்ணீர் போல ஆகிவிட்டது. சாச்சுரேஷனைக் கூட்டினால் அந்தச் சேறே ஆரஞ்சு ஆகிறது, அவ்வளவுதான். எங்கே தப்பு?

ஈசூன்72 | சனி, இரவு 10.25

தப்பு உங்கள் கையில் இல்லைம்மா, கணக்கில் இருக்கிறது. ப்ளர் என்றாலே பக்கத்துப் புள்ளிகளின் சராசரி. முழுச் சிவப்பு 255, 0, 0. முழுப் பச்சை 0, 255, 0. பாதிக்குப் பாதி கலந்தால் 128, 128, 0 வரும். அது மஞ்சள் இல்லை, அழுக்கு ஆலிவ் பச்சை. நிஜ வெளிச்சம் இரண்டும் கலந்தால் எப்படி இருக்குமோ அந்தக் கணக்கில் 188, 188, 0 வரும். இது எவ்வளவோ தெளிந்த மஞ்சள்.

ஏன் இந்த வித்தியாசம் என்றால், கோப்பில் இருக்கும் எண்கள் வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் எழுதப்பட்டவை அல்ல. இருட்டுப் பகுதிக்கு அதிக இடம் கொடுத்து வளைத்து எழுதியவை. 8 பிட் படத்தில் ஃபோட்டோஷாப் அந்த வளைந்த எண்களையே கூட்டி வகுக்கிறது. 32 பிட்டில் கணக்கு வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் நடக்கும், அதனால் படத்தை அதற்கு மாற்றிவிட்டு ப்ளர் செய்து பாருங்கள், நிறம் பிழைக்கும். லேயரையெல்லாம் ஒன்றாக்கித் திரும்ப 16 பிட்டுக்கு வரும்போது டோனிங் என்று ஒரு பெட்டி திறக்கும். அதில் எக்ஸ்போஷர் அண்ட் காமா என்பதைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்போஷர் 0, காமா 1 என்று விட்டுவிடுங்கள். வேறெதைத் தேர்ந்தாலும் படத்தை அதன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும்.

ஒன்று மட்டும், மெஸோடின்ட், ட்விர்ல் போன்றவை 32 பிட்டில் வேலை செய்யாது. ப்ளருக்கு மட்டும் அங்கே போய்விட்டு வர வேண்டும்.

சித்திரவகுப்பு | சனி, இரவு 11.05

ஈசூன் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் அது பாதி மருந்துதான்.

நீங்கள் முழுக் கடையையும் ஃபில்டருக்குள் போட்டிருக்கிறீர்கள். மாலை எவ்வளவு, கடை எவ்வளவு என்று அந்தப் படத்தைத் திறந்து பாருங்கள். மேலே குழல்விளக்கு, பின்னால் நிழல், கீழே சிமெண்டுத் தரை, பிளாஸ்டிக் வாளி. கண் மாலையை மட்டும் பார்க்கும். ப்ளருக்கு அந்தப் பாகுபாடு தெரியாது, சாம்பலையும் கறுப்பையும் சேர்த்தே கலக்கும்.

சமூக மன்றத்தில் நான் எடுக்கும் வகுப்பில் முதல் நாள் ஃபில்டரையே தொட விடமாட்டேன். படத்தை வெட்டச் சொல்வேன். மூன்று நிறம், அதிகம் போனால் நான்கு, அவ்வளவுதான் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். மிச்சத்தைத் தள்ளு. அரூப ஓவியத்தில் உருவத்தை எப்படியும் அழித்துவிடுகிறோம். கடைசியில் மிஞ்சுவது நிறமும் அதன் வரிசையும்தான். அதையும் கைவிட்டால் அந்தப் படத்தை நீங்கள் எடுத்ததற்கு என்ன அர்த்தம் இருக்கிறது?

உங்கள் மாலைக்கு ரேடியல் ப்ளரைவிட நல்ல வழி இருக்கிறது. நேராகத் தொங்கும் ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். சிங்கிள் காலம் மார்க்கீ கருவியால் அதன் நட்டநடுவில் சொடுக்குங்கள். ஒரே ஒரு பிக்ஸல் அகலத்துக்கு, மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு தேர்வாகும். கண்ட்ரோல் ஜே அழுத்தினால் தனி லேயர். கண்ட்ரோல் டி அழுத்தி அந்தக் கோட்டை இரண்டு பக்கமும் படத்தின் விளிம்புவரை இழுங்கள். மாலை கட்டியவர் எந்த வரிசையில் பூ வைத்தாரோ அதே வரிசையில் கிடைமட்டப் பட்டைகள் வந்து நிற்கும். இங்கே எதுவும் எதோடும் கலக்கவில்லை, கவனியுங்கள். சேறு ஆக வழியே இல்லை.

பிறகு கான்வாஸைச் சதுரமாக்குங்கள், 4000க்கு 4000 என்று வையுங்கள். சதுரமாக்காவிட்டால் வட்டம் முட்டையாகிவிடும். டிஸ்டார்ட் பகுதியில் போலார் கோஆர்டினேட்ஸ், ரெக்டாங்குலர் டு போலார். இந்த ஃபில்டர் படத்தின் அகலத்தைக் கோணமாகவும் உயரத்தை ஆரமாகவும் மாற்றுகிறது. மேல் விளிம்பு மையத்தில் போய் நிற்கும், கீழ் விளிம்பு வெளிவட்டம். பட்டைகள் எல்லாம் வளையங்களாகும்.

பஃபலோரோடு | ஞாயிறு, காலை 8.10

அக்கா, இரவே செய்து பார்த்தேன். தூக்கமே வரவில்லை. மல்லிகை மையத்தில், அதைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக வளையங்கள், நடுவே மெல்லிய சிவப்பு, துளசிப் பச்சை ஓர் இழை. நிறம் அப்படியே இருக்கிறது!

ஒரு சந்தேகம். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு பட்டைக்குள்ளும் முடி மாதிரிப் பல நூறு மெல்லிய கோடுகள் தெரிகின்றன. அது தவறா?

சித்திரவகுப்பு | ஞாயிறு, காலை 8.55

தவறே இல்லை. இதழ் மடிப்புகளும் கேமராவின் நாய்ஸும் (தாறுமாறான நிறப் புள்ளிகள்)தான் இழுபட்டு இழையாகியிருக்கின்றன. பட்டுப் புடவையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் தெரியும் இழை மாதிரி. நான் அதை எப்போதும் விட்டுவைப்பேன். வழவழப்பாக வேண்டும் என்றால் கோட்டை எடுப்பதற்கு முன்பே மீடியன் ஃபில்டர் போடுங்கள். கௌசியன் ப்ளர் வேண்டாம், அது மறுபடி விளிம்புகளைக் கலக்கும்.

மூன்றாம்லேயர் | ஞாயிறு, காலை 10.30

மாதச் சந்தா கட்ட முடியாதவர்களுக்காக: இதே வேலையை ஜிம்ப் என்ற மென்பொருளில் காசில்லாமல் செய்யலாம். ஒரு பிக்ஸல் கோட்டுக்கு அதில் தனிக் கருவி இல்லை. செவ்வகத் தேர்வை எடுத்து, அதன் அகலத்தை 1 என்று எண்ணிலேயே கொடுக்கலாம். நகலெடுத்து, பேஸ்ட் ஆஸ் நியூ இமேஜ், அப்புறம் ஸ்கேல் இமேஜில் அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலிக் குறியை அவிழ்த்துவிட்டு அகலத்தை 4000 ஆக்குங்கள். போலார் கோஆர்டினேட்ஸ் அங்கேயும் டிஸ்டார்ட்ஸ் பட்டியலில்தான். மேப் ஃப்ரம் டாப் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை வைத்து மையத்தில் மேல் விளிம்பா கீழ் விளிம்பா என்று மாற்றிக்கொள்ளலாம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஃபில்டரை லேயர் மேல் ஒட்டிவைத்துப் பிறகு திருத்த முடிகிறது. இந்த வேலைக்கு அது பெரிய வரம்.

ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. படத்தின் சொந்த நிறத்துக்கு ஏன் இவ்வளவு கவலை? வடிவத்தைச் செய்துவிட்டுக் கடைசியில் கிரேடியண்ட் மேப் போட்டால் எந்த நிறம் வேண்டுமானாலும் வரும். நீல ஊதா, ஆரஞ்சு, எது பிடிக்கிறதோ அது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

சித்திரவகுப்பு | ஞாயிறு, பிற்பகல் 12.20

தம்பி, ஜிம்ப் குறிப்புக்கு நன்றி. கிரேடியண்ட் மேப் விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை.

அது என்ன செய்கிறது? படத்தில் இருட்டு எது, வெளிச்சம் எது என்று மட்டும் பார்த்து, அந்த வரிசைக்கு நீங்கள் கொடுத்த நிறத்தை ஊற்றுகிறது. மஞ்சள் செவ்வந்தியும் வெளிர்பச்சை வாழையிலையும் ஒரே பிரகாசத்தில் இருந்தால் இரண்டும் ஒரே நிறமாகிவிடும். அதாவது படம் எதைப் பற்றியது என்பதே போய்விடுகிறது. காலாங் ஆற்றைப் போட்டாலும் கறிப்பஃப் தட்டைப் போட்டாலும் அதே நீல ஊதாதான் வரும். அதற்குக் காலை ஏழு மணிக்குத் தேக்கா போக வேண்டியதில்லையே. இப்படிச் செய்த படங்களை நிறையப் பார்க்கிறேன், யார் செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அதுதான் என் வருத்தம்.

ஈசூன்72 | ஞாயிறு, பிற்பகல் 1.00

இரண்டு பேர் சொல்வதற்கும் நடுவில் ஒரு வழி. கிரேடியண்ட் மேப்பே போடுங்கள், ஆனால் அந்த கிரேடியண்டின் நிறங்களை, நிறம் எடுக்கும் கருவியான ஐட்ராப்பரால் அதே படத்திலிருந்து எடுங்கள். இருட்டு முனைக்குத் துளசியின் கரும்பச்சை, நடுவில் ரோஜாவின் அடிப்பகுதிச் சிவப்பு, மேலே செவ்வந்தி, உச்சியில் மல்லிகையின் வெள்ளை. சுத்த வெள்ளை வைக்காதீர்கள். மல்லிகை வெள்ளையில் லேசாகப் பச்சை கலந்திருக்கும், அதை அப்படியே எடுங்கள். இப்படிச் செய்தால் நிறம் நீங்கள் நின்ற இடத்திலிருந்தே வரும்.

மூன்றாம்லேயர் | ஞாயிறு, பிற்பகல் 1.45

சரி அண்ணே, இதை நான் யோசிக்கவே இல்லை. இன்றிரவு முயல்கிறேன்.

சுல்தான்தெரு | ஞாயிறு, மாலை 4.10

கணினியில் ஃபில்டர் போட்டு வருவதை ஓவியம் என்று எப்படிச் சொல்வது? மனதில் பட்டதைக் கேட்கிறேன், யாரையும் குறை சொல்லவில்லை. நான் தூரிகை பிடிப்பவன்.

ஈசூன்72 | ஞாயிறு, மாலை 5.30

நியாயமான கேள்வி. கணினிக்கு வெகுகாலம் முன்பே இது நடந்திருக்கிறது. 1917இல் ஆல்வின் லாங்டன் கோபர்ன் என்பவர் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகச் சேர்த்து, அதன் வழியாக மரத்துண்டுகளையும் படிகங்களையும் படமெடுத்தார். வோர்டோகிராஃப் என்று பெயர். உருவம் சிதறி வெறும் கோணங்களாக நிற்கும். இன்றைக்கு நாம் பொத்தானைத் தட்டிப் போடும் கலைடாஸ்கோப் ஃபில்டரை அவர் கண்ணாடியால் செய்தார், அவ்வளவுதான். அந்தக் கலைடாஸ்கோப்புக்கு டேவிட் ப்ரூஸ்டர் காப்புரிமை வாங்கியது அதற்கும் நூறு வருடம் முன்னால், 1817இல்.

நம் ஊரில் அந்தோணி பூன் இருந்தார், 2006இல் காலமானார். அவருடைய அலைத் தொடர் ஓவியங்களைப் பாருங்கள். ஒரு நிறம் இன்னொன்றுக்குள் படிப்படியாக நகரும் அந்த ஒழுங்கை அவர் கையாலேயே கொண்டுவந்தார். எனக்கு ஸ்லைடரை எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொடுத்தது அவருடைய ஓவியங்கள்தான், எந்தக் காணொளியும் இல்லை. தமிழ்நாட்டில் ஆதிமூலம். கோட்டோவியத்தில் பேர் வாங்கியவர் பின்னாளில் உருவத்தையே விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்தில் வெறும் நிறப் பரப்புகளாக வரைந்தார். அவர் ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தார், எவ்வளவு வைத்தார் என்று பாருங்கள். தூரிகையோ மவுஸோ, முடிவெடுக்க வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது.

சுல்தான்தெரு | ஞாயிறு, மாலை 6.05

ஆதிமூலத்தின் வண்ண ஓவியங்களை நேரில் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்வது புரிகிறது. ஒரு படம் எடுத்து நானும் முயன்றுவிட்டு வந்து சொல்கிறேன்.

கோயில்வாசல் | ஞாயிறு, இரவு 8.20

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் படங்களில் கோபுரத்தையும் சாமி முகத்தையும் சுழற்றி நெளித்துப் போடுகிறார்கள். என் அம்மா பார்த்துவிட்டு மிகவும் வருத்தப்பட்டார். தயவுசெய்து அதை மட்டும் தவிர்க்கலாமா?

சித்திரவகுப்பு | ஞாயிறு, இரவு 9.00

அம்மாவின் வருத்தம் எனக்கும் உண்டு. ட்விர்ல் போட்டால் முகம் கோணும். அதை நானும் செய்யமாட்டேன், வகுப்பிலும் அனுமதிப்பதில்லை.

ஆனால் கோபுரத்தின் நிறத்தை மரியாதையோடு எடுக்க வழி இருக்கிறது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு 2023இல் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன்னால் எடுத்த படமும் பின்னால் எடுத்த படமும் என்னிடம் இருக்கின்றன. வண்ணம் புதுப்பித்ததில் நீலமும் இளஞ்சிவப்பும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சிலைகளைத் தொடாமல், நிலைகளின் விளிம்புப் பட்டைகளிலிருந்து மட்டும் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் ஒரு பிக்ஸல் கோடு எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். இடப்பக்கம் வெயிலும் மழையும் பட்டு வெளுத்த பட்டைகள், வலப்பக்கம் புது வர்ணம். அதில் எந்த ஃபில்டரும் இல்லை. என் மாமியார் பார்த்ததுமே “நம்ம கோயில் கலர்” என்றார்.

காலாங்ஆறு | ஞாயிறு, இரவு 10.40

இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் ரோச்சோர் சென்டரில் குடியிருந்தோம். 1977இல் கட்டிய நான்கு புளோக்குகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று தூரத்திலிருந்தே தெரியும், சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுப்பார்கள். வடக்கு-தெற்கு விரைவுச்சாலைக்காக எல்லோரும் காலி செய்தோம், 2018இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

கிளம்பும் முன் அப்பா பழைய கைப்பேசியில் எடுத்த படங்கள் முப்பது இருக்கின்றன. எல்லாம் ஆட்டம் கண்டவை, சாய்ந்தவை. பெரிதாக்கி அச்சடிக்கவே முடியாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு பிக்ஸல் கோடு போதும் என்றால் அந்தப் படங்கள் போதுமா? தாழ்வாரக் கைப்பிடிச் சுவர்கள் மாடி மாடியாக அடுக்காக வரும், நடுவில் எங்கள் வீட்டுக் கொடியில் துணி காயும்.

சித்திரவகுப்பு | ஞாயிறு, இரவு 11.15

தாராளமாகப் போதும். கூர்மை தேவையே இல்லை, நிறம் இருந்தால் சரி. ஆட்டம் கண்ட படம் இன்னும் நல்லது, பட்டையின் ஓரம் மெதுவாகக் கரையும்.

நான் சொல்வதைச் செய்யுங்கள். துணி காயும் இடத்தின் வழியாகக் கோடு போகட்டும். நான்கு புளோக்குக்கும் நான்கு கோடு. வளையமாக்க வேண்டாம், கட்டடம் நின்ற மாதிரியே நேர்ப் பட்டைகளாக விடுங்கள். பழைய கைப்பேசிப் படங்கள் 8 பிட் ஜேபெக்காகத்தான் இருக்கும். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸைப் பலமாக இழுத்தால் படி படியாகத் தெரியும். முதலில் 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நிறத்தைக் கொஞ்சமாகவே தூக்குங்கள், கடைசியில் துளி நாய்ஸ் சேருங்கள். படிகள் மறையும்.

அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தக் கோடு என்று அவர் சொல்லட்டும்.

அச்சுமை | திங்கள், காலை 9.30

சுவரில் மாட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அச்சுத் தொழிலில் இருப்பவன். திரையில் மின்னும் நீலமும் மெஜந்தாவும் பளீர்ப் பச்சையும் மையில் வராது. திரை வெளிச்சத்தைக் கூட்டி நிறம் காட்டுகிறது, மை வெளிச்சத்தை விழுங்கி நிறம் காட்டுகிறது. நான் இந்தத் தொழிலுக்கு வரும் முன், ஒரு கடையில் கொடுத்து என் முதல் படத்தை ஏ2 அளவில் எடுத்தேன். ஊதா முழுக்கச் சாம்பல் பூத்துப் போய் வந்தது. பிரிண்டரும் தாளும் எந்த நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ப்ரொஃபைல் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

கடையில் அவர்களுடைய பிரிண்டருக்கும் தாளுக்கும் உரிய ப்ரொஃபைல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஃபோட்டோஷாப்பில் ப்ரூஃப் செட்டப்பில் அதைக் கொடுத்து, கண்ட்ரோல் ஒய் அழுத்தினால் தாளில் எப்படி வரும் என்று தோராயமாகக் காட்டும். ஷிஃப்ட்டும் சேர்த்து அழுத்தினால் அச்சில் வராத இடங்கள் சாம்பலாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் சாச்சுரேஷனைக் குறையுங்கள், முழுப் படத்திலும் வேண்டாம். செவ்வந்தி மஞ்சள் அனேகமாகத் தப்பித்துவிடும், மஞ்சள் மை சுத்தமான மை.

அளவு: ஏ3 தாளுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508க்கு 4961 பிக்ஸல் வேண்டும். உங்கள் 4000 சதுரம் அதே 300இல் 34 சென்டிமீட்டர்தான் வரும். பெரிய சுவருக்கு 200இல் அடித்தாலும் கெடாது, இழை ஓவியம் என்பதால் கண் மன்னிக்கும். அப்படிச் செய்தால் 51 சென்டிமீட்டர் வரை போகலாம். முதலில் ஒரு மூலையை மட்டும் ஏ4இல் சோதனை அச்செடுங்கள். சில வெள்ளி செலவாகும், அதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மூன்றாம்லேயர் | திங்கள், இரவு 8.45

ஐட்ராப்பர் முறையைச் செய்து பார்த்தேன். ஜூ சியாட் பக்கம் கூன் செங் ரோட்டுக் கடைவீடுகளின் படம். எப்போதும் போடும் நீல ஊதாவையும் இதையும் பக்கத்தில் வைத்துத் தங்கையிடம் காட்டினேன். எந்த இடம் என்று சொல்லவில்லை. இதைக் காட்டி “கூன் செங் ரோடா?” என்றாள். ஒரு கதவு, ஒரு ஜன்னல்கூட அதில் இல்லை. அக்கா சொன்னது சரி.

பஃபலோரோடு | செவ்வாய், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. சோதனை அச்சு எடுத்துவிட்டேன். அச்சுமை அண்ணன் சொன்னபடியே மஞ்சள் தப்பித்தது. ரோஜாச் சிவப்பு கொஞ்சம் மங்கியது, அந்த வளையத்தை மட்டும் மாஸ்க் போட்டுச் சரி செய்தேன். துளசிப் பச்சை எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கிறது.

மையத்தில் மல்லிகை அளவுக்கு மீறிப் பெரிய வெள்ளைப் புள்ளியாக நிற்கிறது. கோட்டை மாலையின் மேல் முடிச்சிலிருந்து தொடங்கியதால் அப்படி. அடுத்த முறை முடிச்சுக்கு இரண்டு பூ கீழே தொடங்க வேண்டுமா, அல்லது மையத்தில் வேறு நிறம் வருகிற மாலையையே தேடலாமா?

சித்திரவகுப்பு | செவ்வாய், இரவு 9.50

வேறு மாலையைத் தேடுங்கள். மல்லிகையில் தொடங்காமல் ரோஜாவில் தொடங்கும் மாலை சனிக்கிழமை காலையில் தொங்கும், ஏழரைக்குள் போனால் விற்காமல் இருக்கும். மாலைக்கு நேர் எதிரே நின்று, கைப்பேசியைச் சாய்க்காமல் எடுங்கள். கோடு மாலையை விட்டு விலகினால் பின்னாலிருக்கும் இருட்டு ஒரு கறுப்பு வளையமாக வந்து உட்கார்ந்துவிடும். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், அச்சு வந்ததும் அவருக்கும் ஒரு சின்னப் பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.